வாயைத் திறந்தால் வராத சத்தம்

என் கைபேசியில் ஒரு வீடியோ இருக்கிறது. கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், பகல் விருந்தின்போது எடுத்தது. மாஸ்டர் மேடையில் பாடுவது கேட்கும், ஆனால் படத்தில் அவர் இல்லை. நான்தான் இருக்கிறேன். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, உள்நாக்கு தெரிகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிரிப்பு. பார்க்க லட்சணமாக இல்லை. அழிக்கவும் கை வரவில்லை.

மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்டவர் தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். கல்யாணம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவார். அவருக்கு ரசிகர்கள் உண்டு. அதில் அதிகமாகச் சத்தம் போடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டுகிற நான், போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிற அண்ணன், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர். அண்ணன் என்னைவிடப் பத்து வயது சின்னவர். லோரியின் உயரத்துக்கு மரியாதை கொடுத்து நான் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். சனிக்கிழமை காலையில் பூக்கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் எங்களுக்கு ஒரே வழக்குதான். எந்தப் பாட்டானாலும் மாஸ்டர் கடைசி வரிக்கு முன்னால் நின்றுவிடுவார். இரண்டு கைத்தட்டு நேரம். தலை லேசாக வலப்பக்கம் சாயும். தபேலாக்காரர்கூட கையைத் தூக்கியபடி காத்திருப்பார். பிறகுதான் அந்த வரி வரும். ஏன் அப்படி?

“மூச்சு வாங்குது லா. சிகரெட்டு அவ்வளோ,” என்பார் லோரி அண்ணன்.

“சங்கீதம் தெரியாதவங்க பேசக்கூடாது. அதுதான் அவரோட ஸ்டைல்,” என்று டீச்சர் மேசையைத் தட்டுவார்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. மனுசனுக்கு வரி மறந்துபோச்சு. எழுதுனவரே மறந்துட்டேன்னு வெளிய சொல்ல முடியுமா?” என்பேன் நான். வழக்கு அதோடு அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும்.

அந்தக் கல்யாணத்தன்று லோரி அண்ணன்தான் என்னை உசுப்பிவிட்டார். “நீங்கதான் பெரிய வாயாடியாச்சே அக்கா. அவரு நிக்கிற எடத்துல, கதை கேக்கிற புள்ள மாதிரி ‘ம்’ கொட்டுங்க பாப்போம். நான் வீடியோ எடுக்கிறேன்.” எனக்குச் சொல்லவா வேண்டும்? மாஸ்டர் நின்றார். நான் மூச்சை இழுத்தேன். எதிரே கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த லோரி அண்ணனின் முகம், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிற ஆளைப் போல அத்தனை கண்டிப்பாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அப்போது ‘ம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, பொறுமையான சத்தம். மேடைக்கு வலப்பக்கத்திலிருந்து. அங்கே அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் தவிர வேறு எதுவுமில்லை. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி அப்படியே நின்றார். எவ்வளவோ நேரம் கழித்தே கடைசி வரி வந்தது.

“போட்டீங்களே அக்கா!” என்று லோரி அண்ணன் குதித்தார். டீச்சர் என் கையைக் கிள்ளினார். சும்மா வந்த பெயர், நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரே தேநீர்க் கடைக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. “அன்னைக்கு ‘ம்’ சொன்னது யாரு?”

லோரி அண்ணன் விரலும் டீச்சர் விரலும் என்னைக் காட்டின.

“நீங்களா அக்கா?”

மேசை சிரிக்கத் தயாராக இருந்தது. “நான்தான் மாஸ்டர். வரியை மறந்துட்டு நின்னீங்க. ஒரு கை கொடுக்கலாமேன்னு.”

அவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். “எழுதுன பாட்டை எல்லாம் மொதல்ல என் சம்சாரத்துக்குத்தான் பாடிக் காட்டுவேன். எனக்கு வலது பக்கம் நின்னு சமைச்சுக்கிட்டே கேப்பா. கடைசி வரிக்கு முன்ன ‘ம்’னுவா. அது வந்தாத்தான் முடிப்பேன். அவ போனப்புறமும் அந்த எடத்தை மட்டும் விட்டு வச்சிருந்தேன். அன்னைக்கு...” தேநீரைப் பார்த்தார். “பரவால்ல அக்கா. நீங்கதானே.”

அந்த நிமிடமே நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ யாரு? நல்ல வெயில் நேரம், தெரு முழுக்க ஆட்கள், என் கையில் முடியெல்லாம் எழுந்து நின்றது. ஊருக்கே பதில் சொல்கிற இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

அதன்பின் மாஸ்டர் எங்கேயும் நிற்கவில்லை. பாட்டெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை புதிதாகத் தொடங்கியது. டீச்சர் பக்கம் பக்கமாக எழுதினார், மாஸ்டர் ஸ்டைலை விட்டுவிட்டார் என்று. லோரி அண்ணன் குரல் பதிவில் பதில் அனுப்பினார், சிகரெட்டை விட்டுவிட்டார் என்று. எழுத்து எனக்குக் கூடி வராது, நானும் குரலில்தான் பேசுவேன். ஆனால் அந்தச் சண்டையில் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் வீடியோவை ஒழுங்காகப் பார்த்தேன். ‘ம்’ கேட்கிற நேரத்தில் என் வாய் ஆவென்று திறந்திருக்கிறது. நீங்களே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ம்’ சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டாமல் அது வராது.

இதை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். தைப்பூசத்துக்கு மாலை கட்டும் நாட்கள் அவை. முடியட்டும், அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் நான் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனது அவர் உடலுக்கு மாலை போடத்தான். பெரிய மாலை, நானே கட்டியது. கைபேசி பைக்குள்ளேயே இருந்தது.

இப்போதெல்லாம் கடைக்கு ஆள் வராத மதியத்தில் அந்த வீடியோவைப் போடுகிறேன். ‘ம்’ வரும். அதன்பின் மாஸ்டர் திரும்பி நின்ற அந்த இடம் வரும். அதற்குள், “நான் இல்ல மாஸ்டர்,” என்று சொல்லிவிடுவேன். முதலில் அவசர அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாதியிலேயே கடைசி வரி வந்து மேலே விழும். நேற்று பொறுமையாகச் சொன்னேன். லோரி அண்ணன் உசுப்பியது, எனக்குச் சிரிப்பு வந்தது, வலப்பக்கம் வெறும் நாற்காலிகள் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த சரத்தில் நாலு முழம் கட்டி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும்.

நான் முடித்த பிறகுதான் அவர் கடைசி வரியைத் தொடங்கினார்.