சாஸ்திரத்துக்குப் போட்ட சுவிட்ச்

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம். அதை வைத்துத்தான் அந்த நாட்களில் சோறு சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களுக்கு ஆய்வேடு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரே உதிரிப் பாகம் சேர்த்துக் கட்டிய அசெம்பிள்டு பெட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் பெரிய கம்பெனிப் பெட்டியாக வாங்கியதற்கும் பயம்தான் காரணம். ஏதாவது ஆனால் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு தைரியம். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த சீல் மேல் துணி படாமல்தான் தூசி தட்டுவேன். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியிடம்தான் அந்த மேடம் வந்து சேர்ந்தார்.

பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். மானாவாரி நிலத்தில் முளைக்கும் புற்களைப் பற்றி ஆய்வு. ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு போட்டோ. நான் ஸ்கேன் செய்து உள்ளே வைக்க வைக்க ஃபைல் வீங்கிக்கொண்டே போனது. ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். திரையில் அந்த மணல் கடிகாரம் அப்படியே நிற்கும். ஃபைல் பிளாப்பியில் அடங்காது. சிடி எழுதும் வசதி என்னிடம் இல்லை. திருத்தங்களெல்லாம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையிலேயே சொல்லச் சொல்ல நான் செய்தவை, காகிதத்தில் எதுவும் கிடையாது. ஆக, அவருடைய இத்தனை வருட உழைப்பும் என் மேஜை மேலிருந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள். கூடுதல் அவகாசம் எல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. அன்று கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

"இந்த வேகத்துல போனா பிரிண்ட் எடுக்கவே ரெண்டு நாளாகும் போலயேண்ணே" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

திருப்பரங்குன்றத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நண்பனிடம் யோசனை கேட்டேன். "ப்ராசஸரை மட்டும் மாத்திருவோம் மாப்ள. உன் போர்டு தாங்கும். பிச்சுக்கிட்டுப் போகும் பாரு" என்றான். உள்ளே இருப்பது அழிந்துவிடாதா என்று கேட்டேன். "ஹார்டு டிஸ்க்கைத் தொடப் போறதே இல்லயேடா" என்றான். கம்பெனி சர்வீசுக்கும் போன் போட்டேன். வெளியாள் பெட்டியைத் திறந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அன்றிரவு என் தூக்கம் போனது.

வெள்ளிக்கிழமை காலை நண்பன் சின்ன அட்டைப்பெட்டியில் புது ப்ராசஸரைக் கொண்டுவந்தான். மேடமும் வந்துவிட்டார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நண்பன் சீலைக் கிழித்தான். பழைய ப்ராசஸரைக் கழற்றிப் பஞ்சில் வைத்தான். புதியதைப் பொருத்தினான். சூட்டைத் தணிக்க அதன் மேல் உட்கார வேண்டிய அலுமினியப் பட்டையையும் விசிறியையும் வைத்து அழுத்தினான். உட்காரவில்லை. கம்பெனிப் பெட்டி அல்லவா, அதற்கென்று தனி அளவில் கொக்கி வைத்திருந்தார்கள். கடையில் வாங்கிய விசிறி அதில் மாட்டவில்லை. பழைய விசிறியைப் போடலாமே என்றால், இந்தச் சூட்டுக்கு அது பத்தாது என்றான்.

"கடைக்குப் போயி வேற கிளிப் எடுத்துட்டு வாரேன்."

"அதுக்குள்ள ராகு காலம் வந்துருமேண்ணே" என்றார் மேடம்.

வீடு கட்டி முடியாவிட்டாலும் முகூர்த்தம் தப்பக் கூடாது என்று பூசாத சுவருக்கு நடுவே பால் காய்ச்சிவிடுகிறோம். தொடங்கியது நல்ல நேரத்தில் என்றால் மீதியை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் பழக்கம். அதனால் அவர் சொன்னது எங்கள் யார் காதுக்கும் தப்பாகப் படவில்லை.

"சாஸ்திரத்துக்கு ஒரு தடவை ஆன் பண்ணி அமத்திருங்கண்ணே. மிச்சத்தை அப்புறம் பாத்துக்குவோம்."

நண்பன் கொஞ்சம் யோசித்தான். "அம்புட்டு நேரத்துல ஒண்ணும் ஆகாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு விசிறி இல்லாமலே சுவிட்சைப் போட்டான். சூடானால் தானாக அணைந்துகொள்ளும் அறிவெல்லாம் அந்த ப்ராசஸருக்குக் கிடையாது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேடம் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறப்பதற்குள் கருகல் வாசம் வந்தது. மெல்லிசாக ஒரு கோடு புகை எழுந்தது. நண்பன் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

போர்டு போயிருக்குமா, ஹார்டு டிஸ்க் போயிருக்குமா, இரண்டுமே போயிருக்குமா என்று மனசு ஓடியது. இனி எந்த ஆய்வாளர் என் வாசலை மிதிப்பார் என்றும் ஓடியது. மேடத்தின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழசைத் திரும்பப் போட்டுப் பாப்போம். பன்னெண்டு அடிக்கட்டும்" என்றான் நண்பன். மணி பத்தரை தாண்டியிருந்தது.

"இப்பவே போடுங்க" என்றார் மேடம். குரலில் ஈரமே இல்லை.

பழைய ப்ராசஸரும் பழைய விசிறியும் ஏறின. சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தால் அடக்கிக்கொண்டேன். நண்பன் எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினான். அடுத்த தடவை ஒரு பீப் சத்தம். கம்பெனியின் பெயர் திரையில் வந்து நின்றது. ஃபைலைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. மேடமே மவுசைப் பிடித்துத் திறந்தார். முதல் புல், மேலிருந்து கீழாக, வரி வரியாக, அதே பழைய ஆமை வேகத்தில் தெரிய ஆரம்பித்தது. கடைசி அத்தியாயம் வரை எல்லாம் பத்திரமாக இருந்தது.

செத்த ப்ராசஸரை நண்பன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு பெட்டியை அணைக்கவே நாங்கள் விடவில்லை. அன்றும் சனி, ஞாயிறும் பிரிண்டர் அடித்துக்கொண்டே இருந்தது. வந்த தாள்களை மேடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சூடு ஆற ஊதி அடுக்கினார். என் மனைவி கொடுத்த சாப்பாட்டைக்கூடப் பிரிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஞாயிறு பொழுது சாயும் நேரம் கடைசித் தாள் வந்தது.

தாள்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அண்ணே, அன்னைக்கு அது திறக்காமப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தெரியல மேடம். உங்க கால்ல விழுந்திருப்பேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"நான் அன்னைக்கு ஊருக்குத் திரும்பிப் போறதா இல்லண்ணே. அந்தப் புகையப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன்" என்றார். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். "சரி, வாரேன்" என்று படியிறங்கினார்.

எனக்கு அதன் அர்த்தம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று நாளாக நான் பயந்தது என் பெட்டிக்கும் என் பேருக்கும்தான், அவர் உயிருக்கு இல்லை. அது ஒரு பயமே இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஊர்ப் பக்கம் போகும் செக்கானூரணி பஸ் வந்தது. அவர் ஏறி, உட்கார இடம் கிடைத்து, பஸ் கிளம்புகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.