காரைநகர்ப் புழுவுக்குப் பெயர் வைத்த கதை

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவள் என் மனைவி ஜெயமலர். வெள்ளைக்கார நாட்டில், இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் அவள் உருளைக்கிழங்கு சீவினாள், நான் கோப்பை கழுவினேன். அதற்கு முன் அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வுகூட உதவியாளர். தொண்ணூறில் ஊரைவிட்டு ஓடி வந்தபோது மற்றவர்கள் நகையைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். இந்த மகாராணி ஒரு போத்தலில் புழுவைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

சுண்ணாம்பால் தானே ஒரு குழாய் கட்டி அதற்குள் குடியிருக்கிற கடற்புழு. உடம்பு நெடுக நுண்ணிய மயிர்முட்கள். காரைநகர்க் கடலில் எடுத்தது. உலகத்தில் அதற்கு இன்னும் பெயரில்லை என்பது அவள் கட்சி. பெயர் வைப்பதும் லேசான காரியமில்லை. அந்தப் புழுவை அரும்பொருள் சேர்த்துவைக்கும் ஒரு நூதனசாலையில் சாட்சியாக ஒப்படைத்து, குழாயையும் முள்ளையும் விவரித்து அச்சில் எழுதவேண்டும். லீவு நாளெல்லாம் அவள் நொஷாட்டலுக்கு ரயில் ஏறினாள். அங்கே மதாம் பெரே என்ற புழு ஆராய்ச்சிக்காரியின் நுணுக்குக்காட்டியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

தொண்ணூற்றாறு மாசியில் நான் ஓர் உபகாரம் செய்தேன். போத்தலில் ஸ்பிரிட் வற்றியிருந்தது. காய்ந்துவிடுமே என்று, தரை துடைக்க வைத்திருந்த வெள்ளை வினாகிரியை ஊற்றி நிரப்பினேன். வினாகிரியில் போட்டால் ஊறுகாய் கெடாதுதானே! சுண்ணாம்பு அதில் கரையும் என்று எனக்கு யார் சொன்னது? அவள் பார்த்தபோது குழாயைக் காணோம். புழு மட்டும் அம்மணமாகக் கிடந்தது.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆறு வருசம் காப்பாத்தினனான், இஞ்சாருங்கோ," என்று மெல்லச் சொன்னாள். எனக்கு வெட்கத்தில் சீவன் போய்விட்டது.

முள் நன்றாகத் தெரிகிறது, ஆனால் குழாய் இல்லாமல் பெயர் இல்லை, இன்னொன்று கொண்டு வா என்றார் மதாம் பெரே. எங்கே போக? ஊரில் சண்டை.

"சரி, விடும்," என்றேன்.

"ஏன் விடுறது? எங்கடை சனம் சாமியறைக்கெண்டு ஊரிலையிருந்து சங்கு கொண்டு வந்திருக்குதுகள். சங்கிலை இந்தப் புழு ஒட்டும்."

ஓர்லிகோனில் தொடங்கினோம். ஒவ்வொரு லீவுக்கும் ஒவ்வொரு ஊர். செய்த பாவத்துக்கு நானும் கூடவே அலைந்தேன். கதவைத் திறந்தவர்கள் எங்களை மதம் மாற்ற வந்தவர்கள் என்று நினைத்தார்கள். சங்கைக் காட்டச் சொன்னதும் விசர் என்று முடிவுகட்டினார்கள். காட்டிய சங்கெல்லாம் பளபளவென்று மின்னின. எங்கள் சனத்தின் துப்புரவு நாசமாய்ப் போக! புளி போட்டுத் தேய்த்து ஒரு தூசும் விடவில்லை.

ஐப்பசியில், நொஷாட்டலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பத்மினி என்பவரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய சங்கில் வெள்ளைக் குழாய் நாலு அப்படியே ஒட்டியிருந்தது. ஜெயமலர் குனிந்து மூக்கு முட்டப் பார்த்தாள்.

"இதை ஏன் அக்கா சுரண்டேல்லை?"

"என்ரை தம்பி கிருஷாந் காரைநகரிலை சுழியோடி எடுத்துத் தந்தது. தந்தபடியே இருக்கட்டும். தொண்ணூற்றொண்டிலை அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இன்னும் காணேல்லை."

"ஒரேயொரு குழாய் தாருங்கோ அக்கா. இந்தப் புழுவுக்கு உங்கடை தம்பியின்ரை பேரையே வைக்கிறன்."

நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். பத்மினி சங்கை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"செத்தவைக்கெல்லோ அப்பிடிப் பேர் வைக்கிறது? என்ரை தம்பி செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எழும்பும், போவம்," என்று நான் ஜெயமலரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழும்பவில்லை.

"பிழைதான் அக்கா. பேரை ஊரின்ரை பேராய் வைக்கிறன். ஆனா எடுத்த ஆள் ஆரெண்டு எழுதுறது வழமை. 'எடுத்தவர் கிருஷாந், காரைநகர்.' அவ்வளவுதான். செத்தவர் எண்டும் எழுதமாட்டன், காணாமல் போனவர் எண்டும் எழுதமாட்டன்."

பத்மினி மடியில் சங்கைத் திருப்பி அந்தக் குழாய்களைப் பார்த்தார்.

"அதை வேறை நாட்டிலை இருக்கிறவையும் வாசிப்பினமோ?"

"ஓம். எந்த நாட்டிலையும்."

அவர் எழும்பிப் போய்க் குசினியிலிருந்து கத்தியைக் கொண்டு வந்தார்.

"அப்ப, என்ரை விலாசத்தையும் சேர்த்துப் போடுங்கோ."

அந்தக் குழாய்க்குள் காய்ந்து கிடந்த புழுவை ஊறவைத்துப் பார்த்தபோது முள் பழைய புழுவின் முள்ளோடு அச்சொட்டாகப் பொருந்தியது. தொண்ணூற்றெட்டில் கட்டுரை அச்சேறியது. எனது வினாகிரிக் கூத்தையும் விடாமல் எழுதியிருக்கிறாள், சண்டாளி. ஒரு புழுக் கட்டுரைக்கு வீட்டு விலாசம் எதற்கு, வெட்டு என்றார் மதாம் பெரே. யாரிடம்! புழுவின் பெயருக்குக் கீழே கிருஷாந்தின் பெயரும், அதற்குக் கீழே தெரு, வீட்டு இலக்கம், தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. போன வருடம் பத்மினிக்கு வேலைக்குக் கிட்ட ஒரு நல்ல வீடு கிடைத்தது. அவர் போகவில்லை.