கம்பிக்கு அந்தப் பக்கம் தொங்கிய உயிர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையை அடுத்த படூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நடந்தது இது.

நாய் வளர்க்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆசை என் மகளுக்கு. தோழிகளோடு மாமல்லபுரம் போனவள், கடற்கரை மணலில் தன் பின்னாலேயே ஓடிவந்த ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சுண்டல் விற்பவரின் கூடைக்குப் பக்கத்தில் கிடைத்ததால் பெயர் சுண்டல். "நானே பாத்துக்கறேம்மா, உனக்கு ஒரு வேலையும் இருக்காது" என்று சத்தியம் செய்தாள். இந்தச் சத்தியத்தை நம்பி உருப்பட்ட தாய் யாராவது உண்டா? கொஞ்ச நாளிலேயே அவளுக்கு அலுவலகத்தில் நைட் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். சோறு வைப்பது, தரை துடைப்பது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் என் தலையில் விழுந்தது.

வெளியே கூட்டிப்போவதுதான் பெரும்பாடு. எங்கள் குடியிருப்பில் நாய்களை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. நாங்களோ மூன்றாவது மாடி. மணலில் பிறந்து மணலில் புரண்ட குட்டிக்குப் படிக்கட்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஏறுவதையாவது முன்காலை வைத்து, தொப்பையைத் தூக்கி, எப்படியோ ஒப்பேற்றிவிடும். இறங்கச் சொன்னால் போச்சு. படியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும், உடம்பெல்லாம் நடுங்கும், அப்படியே உட்கார்ந்துவிடும். கயிற்றை இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாயும். தூக்கிக்கொண்டே இறங்கலாம்தான். ஆனால் நாளைக்கு ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் யார் தூக்குவது? அதனால் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி, கெஞ்சிக் கெஞ்சி, படி படியாக இறக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் கழுத்து பெல்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைக்காரர் அளவு பார்த்துச் சின்னதாகத்தான் எடுத்துக் கொடுத்தார். நான் விடுவேனா? மகளுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கும்போதெல்லாம் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து எடுத்துப் பழகிய ஆள் நான். பாவாடையின் உள்மடிப்பை வருடா வருடம் பிரித்து விட்டே அவளைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டேன். "வளர்ற பிள்ளைங்க, பெரிசாவே குடுங்க" என்று கேட்டு வாங்கி, பெல்ட்டில் ஆணியால் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். அப்படியும் அது சுண்டலின் கழுத்தில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிரே ஓர் அக்காவின் வீடு. எங்கள் பிளாக் முழுவதற்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். செய்யூர் பக்கத்து ஆள். நாய் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். சின்ன வயதில் ஊரில் ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களாம். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, கத்தக் கத்தப் போட்ட ஊசி. அந்த வலி இன்னும் வயிற்றில் இருக்கிறது என்பார். நான் சுண்டலோடு இறங்கும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். "நீ போனப்புறம் ஒரு கொரலு குடும்மா, தொறந்துக்குறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். உள்ளங்கை அளவு குட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

அன்று என் கணவர் மீன் வாங்கக் கோவளம் போயிருந்தார். மகள் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் சுண்டலும் இறங்கிக்கொண்டிருந்தோம். அதிசயமாக அன்று அடம் பிடிக்கவில்லை. பாதிப் படிக்கட்டு வரை தானாகவே இறங்கி வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. குனிந்து பிஸ்கட் கொடுக்கப் போனேன்.

மேலே எந்த மாடியிலோ யாரோ காலித் தண்ணீர் கேனைக் கைநழுவ விட்டார்கள். படிக்குப் படி மோதி, டமடமவென்று இடி இறங்குகிற மாதிரி அது உருண்டு வந்தது. சுண்டல் ஒரு துள்ளு துள்ளியது. எங்கள் படிக்கட்டு சுற்றிச் சுற்றி இறங்கும், நடுவில் கீழ்த்தளம் வரை வெறும் பள்ளம். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அது புகுந்துவிட்டது. நான் பார்த்தபோது படியில் நாய் இல்லை. என் மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிறு மட்டும் விறைத்துக்கொண்டு கம்பியில் கிடந்தது.

படியிலேயே விழுந்து கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கயிற்றின் நுனியில், கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு காலும் காற்றில் நீந்தின. சத்தமே வரவில்லை. அதற்கும் கீழே, கீழ்த்தளத்து சிமெண்ட் தரையும் அங்கே நிறுத்தியிருந்த சைக்கிள்களும் தெரிந்தன.

மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க அந்தப் பெரிய பெல்ட் கழுத்திலிருந்து நகர்ந்து காது வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் தலை வழியாகக் கழன்றுவிடும். இழுக்காமல் விட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கம்பிக்குள் கையை விட்டு எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், தோள்பட்டை வரை நுழைந்தும் எட்டவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு அலறல் நான் அலறியதில்லை.

இரண்டாவது மாடிக் கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு அக்கா ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு?" என்று நிமிர்ந்தவருக்கு நேராக, அவர் நின்ற இடத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் சுண்டல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே பின்வாங்கித் தன் வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பிடிங்கக்கா! பிடிங்க!"

"ஐயோ, என்னால ஆவாதும்மா... நாயி... கடிச்சிடும்மா..."

"கடிக்காதுக்கா! சத்தியமா ஒண்ணும் பண்ணாது! பிடிங்கக்கா!"

அவர் முகத்தை நான் மறக்கவே முடியாது. மாவரைக்கும் அக்கா இல்லை அது, ஊசிக்குப் பயந்த ஒரு சின்னப் பெண்ணின் முகம். உதடு துடித்தது. "கடிக்காதுல்ல? கடிக்காதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் சுவருக்கு வெளியே நீட்டினார். நான் மேலேயிருந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கத்தினேன். ஒருவழியாக அவர் கை அதன் வயிற்றில் பட்டது. பிடித்தார். நான் கயிற்றைத் தளர்த்தினேன்.

கழுத்து விடுபட்டதும் சுண்டல் ஒரு பெரிய மூச்சு இழுத்தது. அடுத்த நொடி, பயத்தில் கண் தெரியாமல், தன்னைப் பிடித்திருந்த கையைக் கவ்விக் கடித்துவிட்டது.

அக்கா வீறிட்டார். நான் முடிந்தது என்றே நினைத்தேன். யாராக இருந்தாலும் கையை உதறியிருப்பார்கள். நானாக இருந்தாலும் உதறியிருப்பேன். உதறினால் கீழே சிமெண்ட் தரை. அவர் அலறிக்கொண்டே அதை மார்போடு அணைத்து, சுவருக்கு உள்ளே இழுத்து, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மாவு அப்பிய அவர் கையிலிருந்து ரத்தம் வழிந்து சுண்டலின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. அது அவர் மடியில் வாந்தி எடுத்துவிட்டு இருமியது.

"உயிரு கீதான்னு பாரு" என்றார். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார். பார்த்ததும் ஓவென்று அழுதார்.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு வெகுநேரம் கழுவினோம். மகளை எழுப்பிக் குட்டியை ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். வழி நெடுக அவர் கேட்டது ஒன்றுதான். "தொப்புள்லயா போடுவாங்கோ?" இப்போதெல்லாம் கையில்தான் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க தைரியம் வரவில்லை. காலையில்தான் ஒரு உறுதி கொடுத்திருந்தேன், அதன் லட்சணம் அவர் கையில் துணியாகச் சுற்றியிருந்தது. டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. தோளில் ஒன்று, காயத்தைச் சுற்றிச் சில. ஊசி ஏறும்போது அவர் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது.

பயம் அன்றோடு முடியவில்லை. சுண்டலுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயது அப்போது வரவில்லை. பத்து நாள் குட்டியைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்துவேன். அது நாக்கை நீட்டிக் குடிக்கும் வரை எனக்குக் காபி இறங்காது. குடித்ததும் கீழே ஓடிப்போய் அக்காவிடம் சொல்வேன். அப்படியே உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையோடு அவர் சொல்லச் சொல்ல, மாவைப் பைகளில் நிரப்பிக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். கெடு முடிந்து, இனிப் பயமில்லை என்று டாக்டர் தலையசைத்த அன்று, நான் பூஜையறையில் நின்று அழுததைப் பார்த்து என் கணவருக்கே பயம் வந்துவிட்டது.

அந்த பெல்ட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டேன். மார்பைச் சுற்றி மாட்டும், அளவான ஒன்றை வாங்கினேன். முதலில் கீழ்த்தளத்தின் கடைசிப் படி மட்டும், அது பழகியதும் அதற்கு மேல்படி என்று மறுபடி ஆரம்பித்தேன். சுவர் ஓரமாக நாய், கம்பி ஓரமாக நான். இப்போது சுண்டல் என்னைவிட வேகமாக இறங்குகிறது. அக்காவுக்கு நாய்ப் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. இன்றும் குரல் கொடுத்த பிறகுதான் கதவு திறக்கும். இப்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை.

ஒருநாள் மாவு கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன், கடித்தபோது ஏன் விடவில்லை என்று. "வுட்டா வுழுந்துடும்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த பையை நீட்டினார். அவ்வளவுதான் அவர் பதில்.

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் வாய் கூசாமல் சொல்லும் "ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற வார்த்தை அன்றிலிருந்து என் வாயில் வருவதில்லை. என் சத்தியத்தை நம்பித்தான் அவர் கையை நீட்டினார், அந்தச் சத்தியம் பொய்யான பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.