படகுக்காரியை விசாரித்த சனிக்கிழமை

எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலாவது கதிரை காலியானபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்லக்கூடாது. அதில் இருந்த சிநேகிதப் பெடியன் வேலை கிடைத்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். எல்லாரும் கவலைப்பட்டார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் துள்ளத்தான் மனம் வந்தது.

ஒக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் விளையாட்டு. பந்தும் இல்லை, சீட்டும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை மனிசரை உருவாக்கி, அந்த மனிசராகவே கதைத்து, அந்த மனிசராகவே முடிவெடுத்து விளையாட வேண்டும். எடுத்த முயற்சி பலிக்குமோ இல்லையோ என்பதை இருபது பக்கமுள்ள டைஸ் என்கிற தாயக்கட்டை சொல்லும். கதையை நடத்துகிறவ ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஐடி வேலை. விளையாடுகிறவர்கள் என்ரை மனுசனும், மலேசியாவில் இருந்து வந்து இங்கே பஸ் ஓட்டுகிற தம்பியும், பிரிஸ்பேனுக்குப் போன அந்தப் பெடியனும். நான் குசினியில் ரோல்ஸ் பொரிக்கிற ஆள்.

முதலில் விசர்க்கூட்டம் என்றுதான் நினைத்தேன். வளர்ந்த மனிசர் "நான் கதவை உடைக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு கதிரையில் சும்மா இருந்தால் வேறென்ன நினைக்கிறது? பேந்து, போகப் போக, காது அங்கே போகத் தொடங்கியது. குகைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றதில் எத்தனை ரோல்ஸைக் கருக்கினேனோ தெரியாது. கதையில் வருகிற ஒரு கிழவன் பொய் சொல்லுகிறான் என்று எனக்கு விளங்கும், அவர்களுக்கு விளங்காது. நான் இடையில் வாயைத் திறக்கவும் ஏலாது. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கதை நடத்துகிற பிள்ளை இதைக் கவனித்திருக்க வேண்டும். "அக்கா, நீங்க ஒக்காருங்களேன்" என்றா. "ஆனா உங்க ஆள நீங்களே உருவாக்கிட்டு வரணும். சனிக்கிழமை பாக்கலாம். சரிப்படலைன்னா ஹென்டர்சன்ல இருந்து ஒருத்தர் வர்றேன்னு சொல்லிட்டிருக்காரு, அவரக் கூப்பிட்டுக்கலாம்." அந்த ஹென்டர்சன்காரரை நான் கண்டதே இல்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் இருந்து எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. நான் வேலை செய்வது ரத்தம் எடுக்கிற இடத்தில். கைகள் ஊசியைப் பிடிக்கும், மனம் கதையில் வருகிற காட்டுக்குள் திரியும்.

என்ரை மனுசன் உதவிக்கு வந்தார். அவர் கட்டடம் கட்டுகிற ஒரு கொம்பனியில் செலவு மதிப்பிடுகிறவர். "முதல் கணக்கு," என்றார். "பலத்துக்கு இவ்வளவு புள்ளி, வேகத்துக்கு இவ்வளவு. அறிவைக் குறைச்சால் ஒண்டும் குடி முழுகாது." அவருடைய ஆள் அப்படித்தான் உருவானவன். இரும்புக் கவசம், தோல்வியே கிடையாது, வாயைத் திறந்தால் சொல்ல ஒரு விஷயமும் கிடையாது. எனக்கும் அதே கணக்கில் ஒருத்தியை உருவாக்கித் தந்தார். தோள் இரட்டைக் கதவு பிரிட்ஜ் மாதிரி. அவளோடு ஒரு நாள் முழுக்க மனசுக்குள் கதைத்துப் பார்த்தேன். கல்லோடு கதைத்திருக்கலாம்.

பஸ் தம்பியிடம் போனில் கேட்டேன். அவனுக்குக் கணக்கே ஆகாது. "டைஸ உருட்டுங்க லா அக்கா. விழுந்தத எடுத்துக்கங்க. நம்மளயெல்லாம் கேட்டா பெத்தாங்க?" அவனுடைய ஆள் அப்படி விழுந்த ஒரு இருமல் சாமியார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் அந்தச் சாமியார் இல்லாத சனிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க ஏலாது, அவ்வளவு பகிடி. நானும் உருட்டினேன். பலமும் இல்லாமல் வேகமும் இல்லாமல் ஒருத்தி வந்து விழுந்தாள். பாவமாக இருந்தது. சொந்தம் என்று வரவில்லை.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தூரத்து மாமி போன் எடுத்தா. தன்ரை மகனுக்கு ஒக்லாந்தில் ஒரு பிள்ளை பொருந்தி வந்திருக்காம். "ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும் பிள்ளை," என்றா. போனை வைத்தவுடன் எனக்கு உச்சந்தலையில் மின்னல் அடித்தது. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தேன் நான்? ஒரு மனிசரை ஆரென்று அறிய எங்கள் சனத்திடம் வழி இல்லையா? ஆருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தத் தெரு, கூடப்பிறந்தவை எத்தனை, நடப்பு எப்படி. எனக்குக் கலியாணம் பேசினபோது இவருடைய ஆக்கள் எங்கள் மாதா கோயில் சுவாமியாரிடம் விசாரித்து, கொன்வென்டில் விசாரித்து, சந்திக் கடைக்காரரிடமும் விசாரித்தவை. என்ரை பல்லு வரிசை வரைக்கும் அவைக்குத் தெரியும்.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு முட்டைப்பொரியலும் பாணும். மனுசன் ஒன்றும் கேட்கவில்லை. என்ரை முகத்தைப் பார்த்தே பயந்திருப்பார்.

சனிக்கிழமை நல்ல மழை. மழையும் குளிரும் என்றால் இவருக்கு ஒரு பாட்டு இருக்கிறது. "பாவம், என்னாலைதானே உமக்கு இந்தக் குளிர்." கலியாணம் கட்டி, ஸ்பொன்சர் பண்ணி என்னை இங்கே கூப்பிட்ட நாளில் இருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இதே பாட்டு. நான் "விடுங்கோ" என்பேன். அன்றைக்கும் அதைப் பாடிக்கொண்டே ஹீற்றரை நாலாவது கதிரைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். நான் வழக்கம்போல "விடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

என்ரை ஆளை எடுத்துவிட்டேன். ஆற்றங்கரைப் படகுக்காரி. வயது நாற்பத்தைந்து. நல்ல குடும்பம். அடக்கமான குணம். சமையல், தையல், இரண்டு பாஷை. ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. ஊரில் ஒருத்தரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள்.

கதை நடத்துகிற பிள்ளை கன்னத்தில் கை வைத்துக் கேட்டா. பிறகு மெதுவாகச் சொன்னா: "அக்கா, ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. ஆனா இவங்க எதுக்கு அந்தக் காட்டுக்குள்ள போகணும்? வீட்லயே நிம்மதியா இருக்கலாமே."

பிள்ளை சொன்னது சரி. நான் ஒரு மனிசியை உருவாக்கவில்லை. கலியாணத் தரகர் பொம்பிளை வீட்டுக்காகச் சொல்லுகிறதை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். தரகர் எந்தக் காலத்தில் குறை சொன்னவர்? ஹென்டர்சன்காரர் காரில் ஏறி வந்துகொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

விடுவேனா நான். "பொறுங்கோ," என்றேன். "இது தரகர் சொன்னது. நான் இன்னும் விசாரிக்கேல்லை." பஸ் தம்பியின் பக்கம் திரும்பினேன். "நீர் ஆத்தங்கரையிலை தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிறீர். இந்தப் படகுக்காரி எப்பிடி ஆள்?"

அவன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லிடாதீங்க. கடைசிப் படகு போனதுக்கு அப்புறமும் அந்தம்மா கரையிலயே நிக்கும். அக்கரைய பாத்துக்கிட்டு. அதுபாட்டுக்குச் சிரிக்கும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ரை மனுசனைப் பார்த்தேன். "நீங்கள் பக்கத்து வீடு. சொல்லுங்கோ."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "வாய்க்காரி," என்றார். "அவவோடை கதைச்சு வெல்ல ஏலாது. சாப்பிடேக்கை ஒருநாளும் இருந்து சாப்பிடமாட்டா, நிண்டபடிதான். கோவம் வந்தால் கோப்பை கழுவுற சத்தம் தெருவுக்குக் கேக்கும்." மேசையில் ஒரே சிரிப்பு. ஆரைப் பற்றிச் சொல்லுகிறார் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எனக்கும் சிரிப்பு. படகுக்காரிக்கு உயிர் வந்துகொண்டிருந்தது, நான் கண்ணால் கண்டேன்.

"சரிங்க," என்றா கதை நடத்துகிற பிள்ளை. "இப்ப இவங்க படகோட அக்கரைக்குப் போறாங்க. திரும்பி வரப்போறதில்ல. ஏன் கிளம்பினாங்க?"

"கலியாணம் பேசியிருப்பினம்," என்றார் மனுசன். "ஆரோ அந்தப் பக்கத்தாலை கூப்பிட்டிருப்பினம். பாவம்."

"ஒருத்தரும் கூப்பிடேல்லை," என்றேன். "அவவுக்கு அந்தப் பக்கத்தைப் பாக்க ஆசை."

"சும்மா ஆசையிலை ஒரு பொம்பிளை ஊரை விட்டு வெளிக்கிடுவாவோ?"

"வெளிக்கிடுவா. நான் வெளிக்கிட்டனே."

அவர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "உங்கடை சம்பந்தம் வாறதுக்கு எவ்வளவோ முதல், கொன்வென்டிலை படிக்கேக்கையே நான் இந்த நாட்டு மேப்பைக் கட்டிலுக்கு மேலை ஒட்டி வைச்சிருந்தனான். உங்கடை ஆக்கள் எல்லாம் விசாரிச்சவை. எனக்கு எங்கை போக ஆசை எண்டு மட்டும் ஒருத்தரும் விசாரிக்கேல்லை. நீங்கள் கூப்பிடாட்டிலும் நான் எப்பிடியும் வந்திருப்பன்."

மனுசன் ஹீற்றரைப் பார்த்தார். "நான் உம்மை இழுத்துக்கொண்டு வந்திட்டன் எண்டெல்லோ இவ்வளவு காலமும்..." என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் கண் நிறைந்தது. இந்த மனுசன் இத்தனை குளிர்காலமும் இல்லாத ஒரு பாரத்தைச் சுமந்திருக்கிறார், நானும் "விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குப் போயிருக்கிறேன்.

கதை நடத்துகிற பிள்ளை கெட்டிக்காரி. ஒன்றும் கேட்காமல் டைஸை என் பக்கம் தள்ளிவிட்டா. "ஆத்துல வெள்ளம் அக்கா. படகு தயாரா நிக்குது."

டைஸைக் கையில் எடுத்தேன். எனக்கு முன்னால் இரும்புக் கவசக்காரன் தொண்டையைச் செருமினான். ஒருநாளும் தோற்காதவன், ஒன்றும் சொல்லத் தெரியாதவன்.

"படகுக்காரி," என்றார் என்ரை மனுசன். "எனக்கும் ஒரு இடம் இருக்கோ?"

"ஏறுங்கோ," என்றேன்.