பி.டி. மிஸ் கேட்ட சொல்

"மேடம், உங்க குடிமகனால என் பிள்ளை ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேங்குது."

போனை எடுத்ததும் அவள் காதில் விழுந்த முதல் வாக்கியம் இதுதான். வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. போனுக்கு வெளியேயும் கேட்கிற குரல் அது. அடுத்த மேசைக் கணக்காளர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கல்யாணமாகாத பெண்ணுக்குக் குடிமகன் எங்கிருந்து வந்தான் என்று யோசித்திருப்பார்.

பேசுவது யாரென்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல நாடுகளில் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக அவளுடைய அலுவலகம் நடத்திய இணையவழிப் பயிற்சியில், எதிர்க்கோடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலப் பேசுகிறவர் ஒருவர்தான். பி.டி. மிஸ்.

"எந்தக் குடிமகன் மேடம்?"

"அதான், உலகக் குடிமகன். மூணாவது பாடம். நீங்க கொடுத்தபடியேதான் செஞ்சேன். எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரா முன்னால வந்து 'நான் ஓர் உலகக் குடிமகன்'னு சொல்லுங்கடான்னேன். பொண்ணுங்களுக்குக் குடிமகள்."

"நாங்க உலகக் குடிமக்கள்னுதானே எழுதியிருந்தோம்?"

"ஒத்தை ஆள் எப்படி மேடம் மக்கள் ஆக முடியும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. 

"முதல்ல ஒழுங்காத்தான் போச்சு. அப்புறம் ஒருத்தன் தள்ளாடிக்கிட்டே வந்தான். நாக்கு குழற, 'நான் ஓர் உலகக் குடி... மகன்'னான். எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுது. சரி, சிரிச்சுட்டுப் போகட்டும். அதோட நிறுத்தினானா? 'மிஸ், நம்ம ஊர்ல ஏற்கனவே ஒருத்தர் இருக்கார், ரயிலோட அப்பா. அவர் உலக லெவல்'னுட்டான்."

"ரயில் யாரு மேடம்?"

"நான் வெச்ச பேரு. ஓடும்போது புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுவா. என் ரிலே டீம்ல கடைசி ஓட்டம் அவளோடது. அவ அப்பா குடிப்பார். தெருவுக்கே தெரியும்."

"அவ என்ன செஞ்சா?"

"வட்டத்தை விட்டு வெளிய வந்தா. பையை எடுத்தா. போயிட்டா. அன்னைக்குப் போனவதான்."

மறுமுனையில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது. 'மேடம்' என்று அழைப்பதும் நின்றுவிட்டது.

"நானும் சிரிச்சுட்டேம்மா. ஒரு நொடிதான். ஆனா அவ அப்ப என்னைத்தான் பார்த்துட்டு நின்னா."

அவள் ஒரு தாளை இழுத்து, குடிமகன் என்று எழுதிக் கோடு போட்டு அடித்தாள்.

"வேற சொல் தேடிக் கொடுங்க. குடி இல்லாத சொல்லா இருக்கணும். நான் அதுக்குள்ள அவ வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

பி.டி. மிஸ் அந்தப் பயிற்சிக்கு வந்ததே ஒரு கூத்து. உலகக் குடிமக்கள் கல்வி என்று சுற்றறிக்கை வந்தபோது சமூக அறிவியல் ஆசிரியர் விடைத்தாளுக்குள் மூழ்கியிருந்தார். தமிழாசிரியருக்குக் கணினி என்றாலே தலைவலி. தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உலகம் உருண்டை, பந்தும் உருண்டை, நீங்களே போங்க மிஸ்" என்று இவர் தலையில் கட்டிவிட்டார். முதல் நேரலை வகுப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது இந்தக் கதையைச் சொன்னவரும் இவரேதான். என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மழை பெய்யலைன்னா விளையாட்டு. பெஞ்சா என் பீரியடைக் கணக்கு வாத்தியார் தூக்கிட்டுப் போயிடுவார்" என்றார். திரையில் இருந்த எல்லா ஆசிரியர்களும் சிரித்தார்கள். எல்லாப் பள்ளிகளிலும் மழை அப்படித்தான் பெய்கிறது போல.

பந்து அறையில் உட்கார்ந்துதான் அவர் வகுப்பில் சேருவார். பின்னால் வலைகள் தொங்கும், காற்றுப் போன பந்துகள் மூலையில் கிடக்கும். கழுத்தில் விசில். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கணவரிடம் மைக்கை அணைக்காமலே போனில் பேசுவார். "சோறு ஆறிப்போச்சுன்னா சூடு பண்ணிக்கோங்க, ஊர்ல எல்லா வீட்டுப் பெட்டியையும் திறக்கத் தெரியுது, நம்ம வீட்டு கேஸைத் திறக்கத் தெரியலையா" என்று அவர் கேட்டதை நான்கைந்து நாடுகளில் இருந்த ஆசிரியர்கள் கேட்டார்கள். கல்லூரியில் படிக்கும் மகன் மியூட் பொத்தானைக் காட்டித் தந்த பிறகும் அவருக்கு அது பிடிபடவில்லை. பயிற்சியில் அவருக்கு மியூட் மிஸ் என்று பட்டப்பெயர் வந்தது. மியூட்டே ஆகாததால் வந்த பெயர்.

இளம் வயதில் தொடர் ஓட்டத்தில் ஓடியவர். மூன்றாவது ஆளாகவே ஓடிக் கோலைக் கைமாற்றியவர், கடைசிக் கோட்டைத் தொட்டதே இல்லை. முழங்கால் போன பிறகு வேலைக்கு வந்தார். இதையெல்லாம் அவர் வருத்தமாகச் சொன்னதில்லை. "கோலைக் கீழ போடாம கொடுக்கிறதும் ஒரு வேலைதானே" என்பார், அவ்வளவுதான்.

அவளோ இதற்கு நேரெதிர். இரண்டு மொழியில் படித்தவள், இரண்டிலும் வாய் திறக்க யோசிப்பவள். பாடங்களைத் தமிழுக்குக் கொண்டுவருவதும், ஆசிரியர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவதும் அவள் வேலை. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். பேசச் சொன்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். குடிமகன் என்ற சொல்லைத் தெருவில் எதற்குச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்ததில் அதன் வாடை மூக்குக்கு எட்டாமல் போயிருந்தது.

அன்றைக்கே மேலதிகாரியின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்டுக்கொண்டார். "பிள்ளைங்கன்னா சிரிக்கத்தாம்மா செய்வாங்க. நாலு தடவை சொன்னா பழகிடும். அது ஒப்புதல் வாங்கின கலைச்சொல். நாம மாத்த முடியாது" என்றார். வழக்கம்போல அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், ரயில் என்ற அந்தப் பெண்ணால் அந்தச் சொல்லுக்கு எப்படிப் பழக முடியும் என்ற கேள்வி வந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கேள்வி.

பி.டி. மிஸ் அந்த வீட்டுக்குப் போய் வந்ததை அவரே போனில் சொன்னார். முதல் தடவை கதவைத் திறந்தது அப்பா. தெளிவாகத்தான் இருந்தாராம். கையில் இஸ்திரிப் பெட்டி. மகளுடைய சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "காய்ச்சல்னு சொல்றா மிஸ். ஆனா தொட்டுப் பார்த்தா சுடலை. பள்ளிக்கூடத்துல ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? ரிலேக்கு ஆள் குறையுதுன்னு சொன்னேன். தினமும் தேய்ச்சு மாட்டி வெக்கிறாராம்மா. அவதான் போட மாட்டேங்கிறாளாம்."

அடுத்த தடவை போனபோது ரயிலே வாசலுக்கு வந்தாள்.

"நீங்களும் சிரிச்சீங்க மிஸ்."

"ஆமா, சிரிச்சேன். தப்புதான்."

"அந்த வார்த்தையை இனிமே சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். வேற வார்த்தை தேடச் சொல்லியிருக்கேன். ஒரு மேடம் உக்காந்து தேடிட்டு இருக்காங்க."

"எனக்காகவா?"

"பின்னே, எனக்காகவா?"

"அது கிடைச்சதும் வரேன்" என்று சொல்லிவிட்டு ரயில் உள்ளே போய்விட்டாள்.

அவள் எத்தனையோ பாடங்களைத் தமிழில் எழுதியிருக்கிறாள். யாராவது படிப்பார்கள் என்ற ஒரு பொதுவான நம்பிக்கையில் எழுதியவை அவை. இப்போது முகம் தெரியாத ஒரு வீட்டில் தேய்த்த சீருடை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் வரைக்கும்.

அகராதிகளைப் புரட்டினாள். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. அடுத்த நேரலை வகுப்பில், கேள்வி நேரம் வந்ததும், யாரும் கூப்பிடாமலே மைக்கைத் திறந்தாள். அவள் குரலைப் பாதிப் பேர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள். பெண்ணின் பெயரையோ அப்பாவையோ சொல்லாமல், அந்தச் சொல்லால் ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை காயப்பட்டதை மட்டும் சொன்னாள். வேறு சொல் வேண்டும் என்றாள்.

சந்தைக்கடை ஆகிவிட்டது. கம்பளித் தொப்பி போட்ட ஆசிரியர் ஒருவர் தன் குளிர் நாட்டிலிருந்து, "உலகவாசி" என்றார்.

"வேற்றுக்கிரகவாசிதான் ஞாபகம் வருது சார். பிள்ளைங்க தலையில கொம்பு வெச்சுக்கிட்டு வந்து நிக்கும்" என்றார் ஓர் ஆசிரியை.

"உலகப் பிரஜை?"

"ராஜா யாருன்னு கேப்பாங்களே."

"உலகப் பெருமக்கள்?"

"மாலை, பொன்னாடை எல்லாம் கேக்கும் சார்."

பி.டி. மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க பேசுறதைப் பார்த்தா எங்க மாமியார் பரவாயில்லை. எதுக்கெடுத்தாலும் ஊரார் என்ன சொல்வாங்க, ஊரார் என்ன சொல்வாங்கம்பாங்க. அந்தம்மாவுக்கு உலகமே ஊரார்தான்."

"உலகத்தார்" என்றாள் அவள்.

மெதுவாகத்தான் சொன்னாள்.  வீட்டார், ஊரார், நாட்டார், உலகத்தார் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். இன்னொருவரும் சொல்லிப் பார்த்தார். எங்கும் இடறவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊரார்னா வம்பு பேசுறவங்கதானேம்மா? அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சதும் ஊரார்தானே?" என்று பி.டி. மிஸ் கேட்டார்.

"அவங்களும் உண்டு மேடம்," என்றாள் அவள். இவ்வளவு நேரம் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் நிறுத்தவில்லை. "சிரிச்ச பையனும் உலகத்தார்தான். யாரைப் பத்திச் சிரிச்சானோ அவரும் உலகத்தார்தான். அந்தச் சொல்லுக்குள்ள வந்தா யாரையும் வெளிய நிறுத்த முடியாது."

பி.டி. மிஸ் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். காது கிழிந்தது. மகன் காட்டிய மியூட் பொத்தான் அன்றைக்கும் உதவவில்லை.

பி.டி. மிஸ் அந்தச் சொல்லோடு ரயிலின் வீட்டுக்குப் போக, மறுநாளே அவள் பள்ளிக்கு வந்தாள். சுண்ணாம்புப் பொடியால் மைதானத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போடும் வேலையை பி.டி. மிஸ் அவளிடமே கொடுத்தார். நடுவில் வீட்டார், அடுத்து ஊரார், பிறகு நாட்டார், கடைசியில் உலகத்தார். விசில் ஊதி ஒரு கேள்வி கேட்பார்: உன் சட்டையைத் தைத்தது யார்? உன் வீட்டில் குப்பை எரித்தால் அந்தப் புகை யாரிடம் போகிறது? பிள்ளைகள் பதிலுக்கேற்ற வட்டத்துக்கு ஓட வேண்டும். தள்ளாடிக் காட்டிய பையன், "மிஸ், அப்ப நாங்க வகுப்பாரா?" என்று கேட்டு ஐந்தாவதாக ஒரு வட்டம் போட வைத்தான். அவன் ரயிலிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளோடு ஓடிப் பார்த்தான், தோற்றான், மறுபடி ஓடினான். "இந்த வயசுல அதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாதும்மா" என்றார் பி.டி. மிஸ்.

பயிற்சியின் அச்சுப் பாடத்தில் இன்றும் குடிமக்கள்தான் இருக்கிறார்கள். மேலதிகாரி அதை மாற்றவில்லை. ஆனால் நேரலை வகுப்பில் என்ன சொல்கிறாய் என்று அவர் கேட்பதும் இல்லை. ஒவ்வொரு புதிய ஆசிரியர் அணியிலும் அவள் மைக்கைத் திறந்து உலகத்தார் என்று தொடங்கும்போது, பந்து அறையிலிருந்து வந்த அந்த போனுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறாள். அவளிடம் அதுவரை எல்லோரும் மொழிபெயர்ப்புதான் கேட்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தேவை என்று சொல் கேட்டவர் பி.டி. மிஸ்தான். கிடைக்கும் என்று நம்பி, கிடைப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். அந்த நம்பிக்கைக்கு அவள் என்ன கைம்மாறு செய்வது?

பி.டி. மிஸ் இருந்த அணியின் பயிற்சி முடிந்த வாரத்தில், பிள்ளைகள் வட்ட விளையாட்டைப் பெற்றோருக்குச் செய்து காட்டுவதாக ஏற்பாடாகியிருந்தது. அப்போது பி.டி. மிஸ் மறுபடியும் கூப்பிட்டார்.

"ஒரு உதவி வேணும்மா. ரயில் அவளாவே வந்து கேக்குறா, எங்க அப்பாவைக் கூப்பிடலாமா மிஸ்னு. அந்த மனுஷன் இது வரைக்கும் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினதில்லை. ஆபீஸ்ல அச்சடிச்ச அழைப்பு இருக்கு, பெற்றோர் அவர்களுக்குன்னு. அதைக் கொடுத்தா வேற யாருக்கோன்னு நினைச்சு மடிச்சு வெச்சுடுவார். நான் எழுதலாம்னா என் தமிழ் விசில் அடிக்கிற தமிழ், எழுத்தோ கோழி கிளறின மாதிரி. நீங்க ரெண்டு வரி கையால எழுதி, படம் எடுத்து போன்ல அனுப்புங்க, நான் பிரிண்ட் எடுத்துக்கறேன். மகள் ஓடுறதைப் பார்க்க வாங்கன்னு இருந்தாப் போதும். அவர் பேரைச் சொல்றேன், எழுதிக்கோங்க. பேருக்கு முன்னால மறக்காம திருன்னு போடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்மா, நான் கையில கொண்டு போய்க் கொடுக்கணும்."