காற்று எட்டாத கட்டி

நியூக்ளியர் மெடிசினில் வேலை என்று சொன்னதுமே கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லத் தள்ளி உட்காருகிற தொழில் என்னுடையது. செம்பூரில் பிறந்து வளர்ந்தவள்; மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில், கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி உடம்புக்குள் படம் பிடிக்கிற பெட் ஸ்கேன் எடுக்கிறேன். ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து, எப்போது பெயரைக் கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்களும் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றால் நம்பவா போகிறீர்கள்!

கல்லி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த இடங்களைப் படம் பிடிக்கும் ஆராய்ச்சி ஒன்று எங்கள் துறையில் நடக்கிறது. தமிழ் பேசுகிற நோயாளி வந்தால் விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. அப்படி வந்தவர்தான் பேச்சியம்மாள். தாராவியில் தோல் பைகளுக்கு உள்துணி தைப்பவர். மாதவிலக்கு நின்று வெகுகாலம் கழித்து மறுபடி ரத்தம் பட்டதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து, ஒருநாள் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவர்.

"கட்டி வேகமா வளருதுக்கா. அதே வேகத்துல ரத்தக் குழாய் உள்ள வர முடியறதில்ல. அதனால நடுவுல ஆக்சிஜன் போய்ச் சேராது. ஆக்சிஜன் இல்லாத இடத்துல கரண்ட் வச்சாலும் கட்டி லேசுல சாகாது" என்றேன். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் நோயாளிகள் வைத்த பெயர் கரண்ட். "நாங்க போடற ஊசி மருந்து அந்த மாதிரி இடத்துலதான் போய் ஒட்டும். படத்துல பளிச்சுன்னு தெரியும்."

தாராவியில் ஒடுங்கிய சந்துக்குக் கல்லி என்று பெயர்; அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "எங்க கல்லி மாதிரின்னு சொல்லுங்க. உள்ள போகப் போகக் காத்தே வராதுல்லா?"

லாபம்

ஆராய்ச்சிக்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது. இந்தப் படத்தால் உங்கள் சிகிச்சை மாறாது, வழக்கமான சிகிச்சைதான் நடக்கும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"அப்போ எனக்கு இதுல என்ன லாபம்?" என்று நேராகவே கேட்டார். உங்களுக்கு ஒன்றும் இல்லாமல்கூடப் போகலாம், பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம் என்றேன். நல்ல வியாபாரி யாரும் இப்படிச் சொல்லமாட்டார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "சரி, படுக்கேன். மெஷின் ரூம்ல ஏசி உண்டும்லா?"

மழை

இந்த மருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் தயாராவதில்லை. வேறிடத்திலிருந்து ஈயப் பெட்டியில் வைத்துக் காரில் வரும். தயாரான நிமிஷத்திலிருந்தே வீரியம் குறைந்துகொண்டு வரும் என்பதால் எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. பேச்சியம்மாளுக்குக் குறித்த நாளில் ஊரே மிதக்கிற மழை. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஸ் நின்ற இடத்தில் இறங்கி மீதி தூரத்தைத் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தார். மருந்து வரவில்லை. மேம்பாலத்தில் நிற்கிறது என்றார் டிரைவர். அப்புறம் மேம்பாலத்திலேயே நிற்கிறது என்றார். கடைசியில் பெட்டி வந்தபோது, அளந்து பார்த்தால் மிச்சமிருந்த வீரியம் படம் எடுக்கப் போதாது.

வேலைக்கு லீவு போட்டு, நனைந்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் திரும்பிப் போங்கள் என்று சொல்வது என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. இனி இவர் வரமாட்டார் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டே சொன்னேன்.

"இந்த மழையில நானே நடந்து வந்துட்டேன். உங்க மருந்துக்குக் கார்ல வர வலிக்கா?"

இரண்டு தட்டு

ஆனால் வந்தார். அடுத்த வாரம் கணவர் சுடலைமுத்துவோடு. ஊசி போட்ட பிறகு மருந்து கட்டியில் போய்ச் சேர வெகுநேரம் ஆகும். அதுவரை தனி அறையில் உட்கார வேண்டும். வெளியே இருந்த கணவரிடம் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னேன்: உடம்பில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், ராத்திரி வரை கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் வர வேண்டாம், நீங்களும் சற்றுத் தள்ளியே இருங்கள்.

"அது எங்களுக்குப் பழக்கந்தான் மேடம்" என்றார். நோய் தெரிந்த நாளிலிருந்து பேச்சியம்மாள் அவரைப் பக்கத்திலேயே விடுவதில்லையாம். ஒற்றை அறை வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். மகன் பிள்ளையைக்கூடத் தூக்குவதில்லை.

ஸ்கேன் முடிந்து வந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "இது என்னோட போகட்டும். அவுகளுக்கு ஒட்டிரக் கூடாது" என்றார். இத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறார், ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இருவரையும் உட்காரவைத்து, ஊசிக் கதிர்வீச்சு ராத்திரியோடு போய்விடும், தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ புற்றுநோய் ஒட்டவே ஒட்டாது என்று நிதானமாகச் சொன்னேன். பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. சுடலைமுத்து அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இத்தன நாளா நான் ரெண்டு தட்டு கழுவுனது தெண்டமா மேடம்?"

தீபாவளிக்கு மறுநாள்

சிகிச்சையின் நடுவில் இன்னொரு ஸ்கேன் உண்டு. எங்கள் டாக்டரம்மா மராத்திக்காரர். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து பேச்சியம்மாளுக்குக் காட்டினார். முதல் படத்தில் கட்டியின் நடுவில் திட்டாக எரிந்த வெளிச்சம், இரண்டாவதில் ஓரமாக ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஹிந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து வந்த பரிசோதனையில்தான் கட்டி இல்லை என்று உறுதியாயிற்று. ஆனால் பேச்சியம்மாள் அன்றைக்கே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரில்லா கெடக்கு!"

தண்ணி லைன்

போன மாதம் ஒரு காலை, எங்கள் வாசலில் பெண்கள் கூட்டம். யாருக்கும் டாக்டர் சீட்டு இல்லை, புற்றுநோயும் இல்லை. எல்லாரும் பேச்சியம்மாளின் கல்லிக்காரர்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வந்திருந்தார்கள். அது வேறு கட்டடம். ஆனால் பேச்சியம்மாளுக்குத் தெரிந்த வாசல் இதுதான், அதனால் எல்லாரையும் இங்கே அனுப்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் மறைத்தவர் இப்போது எப்படி இத்தனை பேரிடம் சொன்னார் என்று முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"சொல்லவா செஞ்சா? டெஸ்ட் எடுக்காதவள தண்ணி லைன்ல நிக்கவே விட மாட்டேங்கா மேடம், அதான் வந்துட்டோம்."

ஆக்சிஜன் ஆராய்ச்சியில் என்ன கண்டுபிடித்தோம் என்பது உலகத்துக்குத் தெரிய இன்னும் நாளாகும்; இப்போதைக்கு 'பரிசோதனைக்கு எதிர்க் கட்டடம்' என்று தமிழில் எழுதி வாசலில் ஒட்டியிருப்பதுதான் எங்கள் துறையின் சாதனை.