சாவுச் செய்தி சொல்லும் ஆட்டோ

அரசு ஆஸ்பத்திரியைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாதென்று தேர்தல் பிரசாரத்துக்குப் போனோம். எங்களுக்கு வாய்த்தது, ஊர் ஊராகச் சாவுச் செய்தி சொல்லப் போகிற மைக் ஆட்டோ. கயத்தாறு பக்கத்துக் கிராமமொன்றில் உச்சிவெயிலில் நுழைந்ததும் தெரு பேச்சை நிறுத்தியது. கரிசல் வெக்கையில் வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்றார்கள். நான் மைக்கைத் தொடுமுன்பே ஒருத்தி, தாலியறுத்தவளைப்போலக் கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவிய போயிட்டாவளா? கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில கெடக்காவ."

"இல்லம்மா. அந்த ஆஸ்பத்திரிக்காக ஓட்டுக் கேக்கத்தான் வந்தோம்."

"அங்கன இருந்துதான வாறீங்க?"

பக்கத்து வீட்டுக்காரி அதட்டினாள். "ஏட்டி, போனப் போட்டுக் கேளேன்."

நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தது அவரேதான், கஞ்சி கொண்டுவரச் சொன்னார். அவள் கூந்தலை முடிந்துகொள்ளவில்லை.

"மொதல்ல ஆட்டோவ வெளிய அனுப்புங்க. பெறகு பேசுங்க" என்றாள்.

அனுப்பினோம். மைக் இல்லாமல் பேசினோம். எல்லோரும் கேட்டார்கள்; கண்கள் மட்டும் ஆட்டோ போன திசையிலேயே இருந்தன.